'அம்ம்' என்றால் தண்ணீர்

மாணவர் சேர்க்கை விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிறந்த தேதிக்கும் ஆதார் எண்ணுக்கும் நாம் காட்டும் அக்கறையில் பாதியை அந்தக் கட்டத்துக்குக் காட்டுவதில்லை. எங்கள் தென்காசி வட்டாரத்தில் அதற்குக் காரணமும் உண்டு. பெரும்பாலும் 'தமிழ்' என்று எழுதிவிடலாம். சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் உருது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் என்பதால் மலையாளமும் இங்கே யாருக்கும் அந்நியமில்லை.

இப்போது அந்தக் கட்டத்தில் அடிக்கடி எழுதப்படும் இன்னொரு சொல் 'ஹிந்தி'. பிரானூர் பார்டரின் மர மில்களில் தடி தூக்குகிறவர்கள், குற்றாலத்து விடுதிகளிலும் உணவகங்களிலும் சீசனுக்கு வந்து நிற்கிறவர்கள், கட்டட வேலை, செங்கல் சூளை என்று வந்திருப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: 'ஹிந்திக்காரப் பிள்ளைகள்'.

இந்தப் பெயர் எவ்வளவு தூரம் சரி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஹிந்தி' என்ற தலைப்பின் கீழேயே போஜ்புரி, மகஹி, சத்தீஸ்கரி, சாத்ரி என ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடங்கியிருக்கின்றன. ஒடிசாவிலிருந்து வருபவர் ஒடியா பேசுவார். அசாமிலிருந்து வருபவர் அசாமியோ போடோவோ பேசலாம். ஜார்க்கண்ட் என்றால் சந்தாலி, முண்டாரி, ஹோ, குடுக் என்று வரிசை நீளும். இவர்களில் பலருக்கு ஹிந்தி என்பது சந்தையிலும் ரயிலிலும் மேஸ்திரியிடமும் பேசுவதற்கு வைத்திருக்கும் மொழி. வீட்டில் அழுகிற மொழி வேறு. அந்த வேறு மொழி எது என்று தெரிந்துகொள்வதிலிருந்துதான் பழக்கம் தொடங்குகிறது என்பது என் அனுபவம். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சத்துணவுக் கூடத்தில் ஒரு சொல்

நான் மேலகரத்தில் குடியிருக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கும் ஊர். என் வீட்டுக்கு அடுத்தாற்போல ஆறு லைன் வீடுகள். 2022 ஜூனில் அதில் ஒரு வீட்டுக்கு ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர், மனைவி, எட்டு வயதுப் பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கணவருக்கு மர மில்லில் வேலை. சிறுமியை எங்கள் நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தாய்மொழி என்ற கட்டத்துக்கு அப்பா தாமாகவே 'ஹிந்தி' என்று சொன்னார். ஊர் ஊராகப் போகிறவர். எங்கே கேட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறார். வேறு பெயர் சொன்னால் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார், அடுத்த கேள்வி வரும்.

சேர்ந்த இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு 'அம்ம், அம்ம்' என்று சிணுங்கினாள். சத்துணவுச் சமையலர் இளகிய மனது உள்ளவர். "அழாதட்டி, ஒங்கம்ம சாயங்காலம் வந்துருவா" என்று தலையைத் தடவினார். சிறுமி மறுபடியும் 'அம்ம்' என்றாள். அவர் இன்னும் கனிவாக அதையே சொன்னார். கடைசியில் அவள் எழுந்துபோய்க் குழாயைக் காட்டினாள். அவளுக்கு விக்கல். கேட்டது தண்ணீர்.

ஹிந்தியில் தண்ணீர் 'பானி' என்பது ஹிந்தி தெரியாத நமக்கும் தெரியும். ஒடியாவிலும் அசாமியிலும்கூட அதேபோலத்தான். வங்காளத்தில் 'ஜோல்' என்பார்கள். 'அம்ம்' இவற்றில் எதிலும் சேராது. தமிழாசிரியர் என்பதால் எனக்கு வேறொன்று உறுத்தியது: நம் நிகண்டுகளில் 'அம்' என்பதற்கு நீர் என்று ஒரு பொருள் உண்டு.

அன்று மாலை லைன் வீட்டு வாசலில் சிறுமியின் அம்மாவிடம் குடத்தைத் தொட்டுக் காட்டினேன். 'அம்ம்' என்றார். கண்ணைத் தொட்டேன். 'ஃகன்' என்றார், தொண்டையை உரசிக்கொண்டு வரும் ககரம். பல்லைக் காட்டினேன். 'பல்' என்றார், கடைசி லகரத்தைச் சற்று அழுத்தி. எதிரே நின்ற வேப்பமரத்தைக் காட்டினேன். 'மன்' என்றார். சிறுமி இதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒன்று 'ஓண்டா', மூன்று 'மூந்த்', நான்கு 'நாஃக்'. ஐந்துக்கு மேல் ஹிந்தியைப் போன்ற சொற்கள்.

அவர்கள் மொழியின் பெயர் குடுக். ஒராவோன் என்றும் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பேசுவோர் சுமார் 20 லட்சம் பேர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் சேர்ந்த அதே திராவிடக் குடும்பத்தின் வடகிளை. நான் சொல்லிக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடியில் இருந்துகொண்டு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒராவோனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. அதன் 1984ஆம் ஆண்டுப் பதிப்பை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே குடுக் சொல்லும் இருக்கும். பி.எட். படிப்பில் மொழிக்குடும்ப வரைபடத்தை மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம் எல்லோரும். அந்த வரைபடத்தின் வடகிழக்கு மூலை லைன் வீட்டில் குடியிருக்கும் என்பது பாடத்தில் வராத செய்தி.

உறவு எவ்வளவு, தூரம் எவ்வளவு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குடுக் நம் மொழிக்கு உறவு என்பதால் அந்தச் சிறுமிக்குத் தமிழ் புரியும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிரிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. வகுப்பில் அவள் 'எண்ணும் எழுத்தும்' கணக்கில் அரும்பு நிலையில்தான் தொடங்கினாள். ஹிந்தி எழுத்தும் அவளுக்குத் தெரியாது. அதற்கு முன் பள்ளிக்குத் தொடர்ந்து போனதே இல்லை.

ஆனால் வீட்டு மொழி இன்னதென்று தெரிந்தால் எதைச் சொல்லித்தர வேண்டும், எதைச் சொல்லித்தர வேண்டாம் என்பது தெரிந்துவிடும். 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். போஜ்புரி, ஹிந்தி பேசும் பிள்ளைகள் "டீச்சர், நாம் ஊருக்குப் போறோம்" என்று நம்மையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். குடுக்கில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', சேர்க்காமல் சொன்னால் 'ஏம்'. 'நாம்' என்பது அப்படியே 'நாம்'! மூன்றாம் வகுப்பு ஆசிரியை அதைக் கேட்டுவிட்டு, இரண்டு விளையாட்டில் அந்தப் பாடத்தை முடித்துவிட்டார். அதேபோல ஆட்களை எண்ணுவதற்கு அவர்களிடம் தனிச்சொற்கள் உண்டு. ஒருவர் என்பதற்கு 'ஓர்த்', இருவர் என்பதற்கு 'இர்ப்'. 'இரண்டு ஆசிரியர்' என்று எழுதும் நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

ஒலியில் வேறு விதமான இடர் உண்டு. தமிழில் 'காகம்' என்று எழுதும்போது முதல் எழுத்துக்கு ஓர் ஒலி, இடையில் வரும் ககரத்துக்கு வேறு ஒலி. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. வடமாநில மொழிகள் பேசும் பிள்ளையின் காதுக்கு அவை இரண்டு எழுத்துகள். அது கரும்பலகையில் இரண்டாவது எழுத்தைத் தேடும். 'கவனமில்லை' என்று நாம் குறிப்பெழுதுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். வல்லின எழுத்துகள் சொல்லின் முதலில் எப்படி, இடையில் எப்படி, மெல்லினத்தை அடுத்து எப்படி ஒலிக்கும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை.

எங்கள் பள்ளியில் இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள். தமிழ்ச் சொல்லை மேலே எழுதி, கீழே அந்தந்தப் பிள்ளை சொல்லும் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். முதலில் உடல் உறுப்புகள், தண்ணீர், சோறு, வலி, வயிறு, காய்ச்சல், கழிப்பறை ஆகியவை. மழலைப் பாடலும் நிறங்களும் பிறகுதான். காரணம் எளிது. சிவப்பு என்ற சொல் தெரியாமல் ஒரு பிள்ளை ஒரு மாதம் இருக்கலாம்; வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் ஒரு நாள் இருக்க முடியாது. சொல்லைக் கேட்டு எழுதும் வேலையைத் தமிழ்ப் பிள்ளைகளிடமே விட்டோம். புதிதாக வந்த பிள்ளை ஆசிரியராகவும் மற்றவர்கள் அதன் வாயைப் பார்ப்பவர்களாகவும் மாறும் பத்து நிமிடம் அது. வேறு எந்த நேரத்திலும் அந்தச் சிறுமி அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஒடியா, போஜ்புரி, வங்காளம் பேசும் வீடுகளிலும் இந்த நோட்டு உதவும். அங்கே கைகொடுப்பது மொழிக்குடும்ப உறவு அல்ல. கடன் வாங்கிய சொற்கள். சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை. வடக்கே 'சாபி', 'அல்மாரி' என்றால் அவைதாம். நம் தாலுகா அலுவலகத்து வசூல், பாக்கி, ரசீது எல்லாம் அவர்களுக்கும் தெரிந்த சொற்கள். தூய தமிழில்தான் பேசுவேன் என்று நிற்பதைவிட, முதல் மாதம் 'ரசீது' என்றே சொல்லிவிடலாம். தமிழாசிரியர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். 'பற்றுச்சீட்டு' இரண்டாம் பருவத்தில் வந்தால் போதும்.

தெருவில் நடந்தது

பள்ளியில் நடப்பது பாதி. மீதி தண்ணீர்க் குழாயடியில் நடக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் முதல் இரண்டு மாதம் அந்த அம்மாவிடம் பேசியதில்லை. பகை ஒன்றுமில்லை, என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்ற கூச்சம்தான். அவரும் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். 'அம்ம்' கதை சத்துணவுக் கூடத்திலிருந்து தெருவுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. அவரைக் கண்டதும் குழாயடியில் யாராவது ஒருவர் "அம்ம் வந்துட்டு" என்பார். அவர் சிரிப்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே தெரு ஒரு மாதம் ஓட்டியது. பிறகு ரசப்பொடி போயிற்று, பதிலுக்கு அரிசி மாவில் சுட்ட ரொட்டி வந்தது. என்னை அவர் 'தீதி' என்றார். சிறுமி பள்ளியிலும் தெருவிலும் 'டீச்சர்' என்றாள்.

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிகளில் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த பழைய சண்டைகளை எடுத்து ஒட்டிய பொய்ச் செய்திகள் அவை என்று காவல் துறை அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து பார்த்துச் சென்றது. இதெல்லாம் நாளிதழில் நாம் படித்தது. லைன் வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது. இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. சிறுமி பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாக்குமூட்டை கட்டி வாசலில் இருந்தது.

அவர் வந்து என் வீட்டு வாசலில் நின்று கைப்பேசியை நீட்டினார். நடுக்கம் கையில் தெரிந்தது. எனக்குத் தெரிந்த குடுக் சொற்கள் இருபது இருக்கும். அவற்றில் 'பொய்' இல்லை, 'பயப்படாதே' இல்லை. தெருக்கோடியில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பதினேழு வருடம் வடக்கே இருந்தவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் அந்தக் கணவரிடம் ஹிந்தியில் அரை மணி நேரம் பேசினார். கணவர் அதை வீட்டுக்குள் குடுக்கில் சொன்னார். மூட்டை மத்தியானத்துக்கு மேல் உள்ளே போயிற்று.

அண்ணாச்சி பேசியதால் மூட்டை உள்ளே போனது. ஆனால் அந்த அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகாமல் என் வாசலுக்கு வந்தது எதனால் என்று யோசித்துப் பார்க்கிறேன். இருபது சொற்கள்தான். ஆண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்த நேரம் அது. போயிருந்தால் அந்த ஆண்டு அவளுக்கு அதோடு முடிந்திருக்கும். அந்த மாதக் கடைசியில் அவர்களுடைய சர்ஹுல் பண்டிகை. சால மரத்துப் பூ வேண்டும். மேலகரத்தில் அதற்கு எங்கே போவது? வேப்பம்பூக் கொத்து பறித்துக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டார். ஏணி கொடுத்தேன்.

இன்னொன்றும் நினைத்துக்கொள்வேன். கடையநல்லூர்க்காரர்கள் எத்தனையோ குடும்பங்கள் போன நூற்றாண்டில் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள். அங்கே போய் 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். பிழைக்கப் போன இடத்து மொழியையும் கற்றார்கள், பிள்ளைகளின் வீட்டு மொழியையும் விடவில்லை. எங்கள் வட்டாரத்தில் பெற்றோர் கூட்டங்களில் 'இவங்க பாஷையை நாம ஏன் எழுதி வைக்கணும்' என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது. கேட்டவரின் தாத்தாவே அங்கே போனவராக இருப்பார்.

ஜூன் மாதச் சிக்கல்

தனியொரு ஆசிரியரால் ஆகாத பகுதி ஒன்று உண்டு. அது நாள்காட்டி. செங்கல் சூளை வெயில் காலத் தொழில். பொங்கலை ஒட்டி வரும் குடும்பங்கள் சாரல் விழத் தொடங்கியதும் மூட்டை கட்டிவிடும். குற்றாலத்து விடுதி வேலைக்கு வருபவர்களோ அந்தச் சாரலோடுதான் வருவார்கள். ஆகஸ்டு தாண்டினால் இருக்கமாட்டார்கள். நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இரண்டும் எந்தப் பக்கத்திலும் பொருந்தாது.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதும் காரணமாகாது என்பது 5ஆம் பிரிவு. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் 29ஆம் பிரிவு சொல்கிறது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து ஒடியாவிலேயே வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். இப்போது நம் துறையும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று 'தமிழ் மொழி கற்போம்' திட்டத்தை நடத்துகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது நான் இதோடு சேர்த்துச் சொல்வது. நம் பக்கத்துக் கிராமங்களில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் சிறுமி இரண்டு ஆண்டுகள் இருந்தாள். அது பெரிய காலம். நான்காம் வகுப்பு முடிக்கும்போது தமிழில் தடுமாறாமல் பத்தி வாசித்தாள். 2024 மே மாதம் அப்பாவுக்குப் பெரும்பாவூரில் பிளைவுட் மில்லில் வேலை கிடைத்துவிட்டது. போகுமுன் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். தலைமையாசிரியர் தாய்மொழிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அவர் சிறுமியைப் பார்த்தார். அவள்தான் "குடுக், சார்" என்றாள். அப்படியே எழுதினார். நோட்டில் அவள் சொல்லி எழுதிய பக்கங்களை நகலெடுத்துச் சான்றிதழோடு வைத்துக் கொடுத்தோம்.

பெரும்பாவூர் எர்ணாகுளம் மாவட்டம். அங்கே 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தில் பிள்ளைகளின் மொழியையும் மலையாளத்தையும் கலந்து பேசிக் கற்பிக்கும் தன்னார்வலர்கள் உண்டு. ஹிந்தி, வங்காளம், ஒடியா தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். குடுக் தெரிந்தவர் கிடைப்பாரா என்பது வேறு. எழுத்து புதிது, மூன்றாவது மொழி, மறுபடி முதலிலிருந்து. ஆனால் மலையாளத்திலும் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்று இரண்டு உண்டு. அந்த ஒன்றை அவளுக்கு அங்கே யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.